கழியில் ஒரு படகு விடுங்கள்: சுற்றுலாத் துறைக்கு எண்ணூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் எண்ணூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித்தருகிறேன். பிறந்தது கத்திவாக்கம், வாக்கப்பட்டது திருவொற்றியூர். 22 வருடமாக இந்த ரயில் பாதையில்தான் போக்குவரத்து. உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும் சேர்ந்து கடலைத் தொடுகிற எங்கள் உப்பங்கழியில், கோலூன்றியும் துடுப்புப் போட்டும் ஓட்டுகிற சின்னப் படகுகளில் ஊராரை ஏற்றிச் சுற்றிக்காட்ட வழி செய்யுங்கள். அந்த வேலையை இங்குள்ள மீனவர்கள் கையிலேயே கொடுங்கள். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

போன வருடம் எட்டாம் வகுப்பில் ஐந்திணை நடத்திக்கொண்டிருந்தேன். நெய்தல் என்றால் கடலும் கடல் சார்ந்த இடமும் என்று பலகையில் எழுதிவிட்டு, கழி, கானல், தோணி, உமணர் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு பையன் எழுந்து, "கழின்னா குச்சிதானே மிஸ்?" என்றான். வகுப்பே ஆமாம் என்றது. அந்த ஜன்னலிலிருந்து கழி நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. 38 பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தத் தண்ணீரில் படகேறிப் போயிருக்கிறீர்கள் என்று கேட்டேன். நாலு பேர் கை தூக்கினார்கள். நாலு பேரும் குப்பத்துப் பிள்ளைகள். மற்றவர்கள் பாலத்தின் மேல் பஸ்ஸில் போனவர்கள், ரயிலில் கடந்தவர்கள், அவ்வளவுதான். எண்ணூருக்கும் அத்திப்பட்டு புதுநகருக்கும் நடுவில் ரயில் பாலத்தைக் கடக்கும்போது கொஞ்ச நேரம் தண்ணீர் தெரியும். அதற்குள் எல்லோரும் மறுபடி போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அதற்குச் சில மாதம் முன்புதான், மே மாத விடுமுறையில், தங்கை குடும்பத்தோடு எழும்பூரில் ரயிலேறிக் கொல்லம் வரைக்கும் போய், காசு கொடுத்து, உப்பங்கழியைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

போன இடம் மன்றோ துருத்து. கல்லடா ஆறு அஷ்டமுடிக் காயலில் சேருகிற இடத்தில் இருக்கிற தீவுக்கூட்டம். திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேயக் கம்பெனியின் பிரதிநிதியாக, இருந்த மன்றோ என்ற வெள்ளைக்காரரின் பெயர் அது. துருத்து என்பது நம் துருத்திதான், ஆற்றிடைத் தீவு. தமிழ் வாத்தியாருக்கு அந்தப் பெயரே ஒரு சந்தோஷம். விடியற்காலையில் ஒரு மரத் தோணியில் ஏறினோம். ஐந்து பேர். ஓட்டியவருக்கு அறுபது வயதிருக்கும். பின்னால் நின்றுகொண்டு நீளமான மூங்கில் கோலைத் தண்ணீருக்குள் விட்டு, தரையில் ஊன்றி, உடம்பைச் சாய்த்துத் தள்ளுவார். சத்தமே இல்லை. கோலில் இருந்து வழிகிற தண்ணீர்ச் சொட்டு கேட்கும், அவ்வளவுதான். இரண்டு கையை விரித்தால் தொட்டுவிடலாம் போன்ற வாய்க்கால்கள். குறுக்கே வருகிற பாலங்கள் தலையில் இடிக்கும் என்று எல்லோரும் படகுக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டோம். தங்கை மகள் அதற்காகவே இன்னொரு பாலம் வராதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தென்னை நார் திரிக்கிற ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினார். இறால் வளர்க்கிற குட்டையைக் காட்டினார். ஒரு டீக்கடையின் பின்பக்கத்தில் படகை ஒட்டி நிறுத்த, உட்கார்ந்த இடத்திலேயே டீ வாங்கிக் குடித்தோம்.

அப்புறம் ஒரு வீட்டைக் காட்டினார். ஆள் இல்லை. சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, சிமெண்ட் உதிர்ந்து கிடந்தது. நீர் ஏறும் நாட்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது, தீவு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டு போகிறது, நிறையக் குடும்பங்கள் கிளம்பிவிட்டன என்று மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார். மேலே தென்மலையில் அணை கட்டிய பிறகு ஆறு கொண்டுவருகிற வண்டல் குறைந்துபோனதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். காசு கொடுத்து அழகு பார்க்க வந்தவர்களிடம் இதை ஏன் சொல்லவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தன் ஊரைக் காட்டினார், அதில் அதுவும் இருந்தது.

திரும்பி வரும் ரயிலில் தங்கை சொன்னாள், "இதெல்லாம் நம்ம ஊர்ல இல்லையே." நான் தலையாட்டினேன். கத்திவாக்கத்தில் பிறந்தவள் தலையாட்டினேன். அதுதான் எட்டாம் வகுப்பில் அந்தப் பையன் கேட்ட அன்றைக்கு என்னை உறுத்தியது.

எங்கள் ஆயா காலத்தில் இந்தத் தண்ணீரில் ஊரே போய்வந்தது. பக்கிங்காம் கால்வாயில் வடக்கேயிருந்து சவுக்கு விறகும் உப்பும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் ஏற்றிக்கொண்டு படகுகள் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் வரும் என்று சொல்லும். காற்றிருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கயிறு கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு நடந்து இழுப்பார்கள். சமைப்பது, தூங்குவது எல்லாம் படகிலேயே. 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவில் வெட்ட ஆரம்பித்த கால்வாய் அது. பிறகு பழவேற்காட்டுக்கும் அதற்கு மேலும் நீட்டினார்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற துண்டை வெட்டியது தாது வருஷப் பஞ்சத்தில், வயிற்றுக்கு இல்லாமல் வந்த ஜனங்களின் கை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் மரக்காணம் வரை 163 கிலோமீட்டர். இன்றைக்குச் சென்னைக்குள் அதன் மேலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. எண்ணூரும் அந்தக் காலத்தில் பட்டணத்து வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்க, பாய்ப்படகு விட்டு விளையாட வந்த இடம். இன்று யாரிடமாவது எண்ணூருக்குக் காற்று வாங்க வாருங்கள் என்று சொன்னால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

சரி, நானே முதலில் போய்ப் பார்ப்போம் என்று ஒரு மாணவனின் அப்பாவிடம் கேட்டேன். அவர் காட்டுக்குப்பத்துக்காரர். "இன்னா டீச்சர் இருக்கு அங்க பார்க்க?" என்று கேட்டார். ஆனாலும் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனார். ஃபைபர் படகுதான், மரப்படகு அவர் அப்பாவோடு போய்விட்டது. எஞ்சினைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, "மெதுவா போனாத்தான் தெரியும்" என்று கோலை எடுத்தார்.

காலை ஆறரை மணி. வாடைக்காற்று. முகத்துவாரத்துப் பக்கம் சூரியன் வந்தபோது தண்ணீர் செம்பு நிறத்தில் இருந்தது. அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்து உலர்த்திக்கொண்டு ஒரு வலைக்கம்பின் மேல் உட்கார்ந்திருந்தது. படகு இரண்டு முழம் கிட்டே போகும் வரைக்கும் அது அசையவில்லை. எஞ்சின் போட்டிருந்தால் பார்த்திருக்கவே முடியாது. மடவை ஒன்று துள்ளி விழுந்தது. கொடுவா, கிழங்கான், களிநண்டு, வெள்ளை இறால் என்று எந்த மூலையில் எது கிடைக்கும், எது முன்னே கிடைத்தது, எது இப்போது கிடைப்பதில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான்: மன்றோ துருத்தில் பார்த்ததற்கு இது எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் கோலை ஊன்றி, வெளியே எடுத்து, என் பக்கம் நீட்டினார். நுனியிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருந்தது. சேறு என்று நினைத்து விரலால் தொட்டேன். சேறு இப்படி இருக்காது. பவுடர் மாதிரி வழுவழுவென்று, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் மணலும் இல்லை, களியும் இல்லை. அனல்மின் நிலையச் சாம்பல். தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகுகிற இடங்களிலெல்லாம் ஆற்றுக்குள் போகிறது. வருஷக் கணக்காக அப்படியே படிந்துவிட்டது. "எங்கப்பா காலத்துல இங்க கோலு எட்டாது டீச்சர்" என்றார். அன்றைக்கு அந்த இடத்தில் தண்ணீர் என் இடுப்பு அளவுகூட இருந்திருக்காது. என் விரலில் ஒட்டிய சாம்பல் வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் ரேகைக்குள் இருந்தது.

இன்னும் கொஞ்சம் தள்ளி, கோல் எதன் மேலோ கரகரவென்று உரசியது. கையை விட்டு ஒரு கொத்தைப் பிடுங்கிப் படகுக்குள் போட்டார். கறுப்பாக, விரல் நீளத்தில், ஒன்றோடொன்று பின்னிப்பிணைந்த சிப்பிகள். காக்கா ஆழி. தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி இது, கப்பல்களோடு வந்திருக்கவேண்டும் என்கிறார்கள். தரையை மூடிக்கொண்டு கம்பளம் விரித்த மாதிரி படர்ந்துவிடுகிறது. இறாலுக்கு மேய்ச்சல் தரையே இல்லை. ஊர் மஞ்ச மட்டியும் பச்சை ஆழியும் இருந்த இடத்தை இது பிடித்துக்கொண்டது. இப்போது வடக்கே பழவேற்காட்டுக்கும் போய்விட்டது. அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுக்கிற மீனவர்கள் 2014-ல் இந்தியாவிலேயே முதலாவதாகச் சர்வதேசக் கடல்வள மேலாண்மைச் சான்று வாங்கியவர்கள். அந்தக் காயலில்தான் நான் மே மாதத்தில் படகில் போனேன். எங்கள் கழியில் மட்டிக்கு இடமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

அந்தச் சிப்பிக் கொத்துக்குக் கொஞ்சம் தள்ளி நாலைந்து இருளர் பெண்கள் மார்பளவுத் தண்ணீரில் தவழ்கிற மாதிரி நகர்ந்துகொண்டிருந்தார்கள். பனையோலையில் பின்னிய பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தரையைத் தடவி, இறாலைப் பிடித்துப் பறிக்குள் போடுகிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை, வெறும் கை. ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு பறியை வாயிலிருந்து எடுத்தார். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அம்மா. "பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டேன். மீஞ்சூரில் வேலைக்குப் போகிறாளாம். கையைக் காட்டச் சொன்னேன். உள்ளங்கையிலும் விரல் மடிப்பிலும் சின்னச் சின்னதாக வெட்டுக்கள், பழையது மேல் புதியது. காக்கா ஆழியின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கிறது. மூன்று மணி நேரத்துப் பிடி பறியில் ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து இந்தக் கழிக்குள் வந்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் மூக்கால் பார்த்தோம். படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி இலை, கூழைக்கடா இறக்கை, எல்லாம் கறுப்பு. மீனவர்களே கையுறைகூடச் சரியாக இல்லாமல் வாளியில் மொண்டு மொண்டு எடுத்தார்கள். என் வகுப்பில் ஒரு பையன் ஒரு வாரம் கழித்து வந்தபோது அவன் நோட்டில் எண்ணெய் விரல் தடம் இருந்தது. நகரத்தில் அது நாலு நாள் செய்தி. தப்பாக நினைக்காதீர்கள், அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. பார்த்திராத ஆற்றுக்காக யார் எத்தனை நாள் வருத்தப்பட முடியும்? இதே கொசஸ்தலை நீரைத்தான் 1944 முதல் பூண்டி ஏரியில் தேக்கிச் சென்னை குடிக்கிறது. கீழே அந்த ஆறு என்ன ஆகிறது என்று பார்க்க ஒரு படகுத்துறைகூட அந்த ஜனங்களுக்கு இல்லை.

அதனால்தான் இந்தக் கடிதம் சுற்றுச்சூழல் துறைக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது. அவர்களுக்கு மனு எழுதி எழுதி இங்கே கை வலிக்காதவர்கள் இல்லை. நீங்கள் ஆட்களை அழைத்துவருகிறவர்கள். ஒரு ஆளைப் படகில் ஏற்றினால் அவர் கை தண்ணீரில் படும், குழந்தை கையை விட்டு அளையும். அந்தத் தண்ணீரில் கை வைக்கலாமா கூடாதா என்பதற்கு நீங்கள் பதில் சொல்லியாகவேண்டும். ஆகவே மாதம் ஒருமுறை தண்ணீரைச் சோதித்து, முடிவைப் படகுத்துறையில் எல்லோருக்கும் புரிகிற தமிழில் எழுதி வையுங்கள். மோசமாக இருந்தால் மோசம் என்றே எழுதுங்கள். ஆற்றின் கணக்கு ஊர் கண்ணில் படுகிற இடத்தில் மாதாமாதம் இருக்கவேண்டும். எனக்கு இந்தத் திட்டத்தில் முக்கியமாகப் படுவதே இதுதான். படகெல்லாம் அதற்குப் பிறகு.

அப்புறம், சாம்பல் இருக்கிற பக்கம் போகாமல் அழகான பக்கமாகப் பார்த்துப் பாதை போட்டுவிடாதீர்கள். கோலைத் தூக்கிக் காட்டுகிற இடமும் பாதையில் இருக்கவேண்டும்.

இதில் உங்களுக்கு முன்னோடி இல்லாமலில்லை. பிச்சாவரத்தில் நீங்களே துடுப்புப் படகு விடுகிறீர்கள். உள்ளூர்க்காரர்கள் துடுப்புப் போட்டு அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப்போகிறார்கள். தெற்கே முட்டுக்காட்டில் படகுத்துறை எத்தனையோ வருடமாக இருக்கிறது. கேரளத்தில் 2008-ல் குமரகம் உள்ளிட்ட சில ஊர்களில் பொறுப்புச் சுற்றுலா என்று தொடங்கி, 2017-ல் அதற்கென்றே அரசு ஒரு மிஷன் அமைத்தது. தோணி ஓட்டுகிறவர், நார் திரிக்கிறவர், கள் இறக்குகிறவர் என்று அந்த ஊர் ஜனங்களின் அன்றாட வேலையையே வந்தவர்கள் கூட இருந்து பார்க்கிறார்கள், வருமானம் அவர்களுக்குப் போகிறது. ஆனால் அதே கேரளத்தில் ஆலப்புழைப் பக்கம் நடந்ததையும் பாருங்கள். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டி நெல் ஏற்றிய கெட்டுவள்ளம், டீசல் எஞ்சினும் ஏசியும் வைத்த படகு வீடாக மாறி, நூற்றுக்கணக்கில் பெருகி, எண்ணெயும் கழிவும் வேம்பநாட்டுக் காயலில் கலக்கிறது. எண்ணூருக்கு அது வேண்டவே வேண்டாம். எஞ்சின் இல்லாத படகு, ஒன்றுக்கு ஆறு பேருக்கு மேல் கூடாது, அவ்வளவு போதும்.

ஆறு பேர் என்று நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அங்கே சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. அந்த மரணங்களை மறந்துவிட்டு யாரும் இங்கே படகு விடக்கூடாது. ஏறுகிற எல்லோருக்கும் உயிர்காப்பு உடை, முகத்துவாரத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாமல் கழிக்குள்ளேயே சுற்றி வருவது, காற்று மாறினால் அன்றைக்குப் படகு இல்லை என்று சொல்லுகிற அதிகாரம் ஓட்டுகிற மீனவருக்கே இருப்பது, இவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆற்றையும் காற்றையும் பார்த்து முடிவெடுக்க டிக்கெட் கவுண்டரில் இருப்பவரால் முடியாது.

யார் எந்த நாளில் ஓட்டுவது என்பதற்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பழவேற்காட்டுக் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடு முறை இருக்கிறது. ஏரியில் நல்ல இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் இன்றைக்கு யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துத் தீர்மானிப்பார்கள். இன்று உங்கள் பாடு, நாளை என் பாடு. வலுத்தவன் நல்ல இடத்தை நிரந்தரமாக வளைத்துக்கொள்ள முடியாது. சுற்றுலாப் படகுக்கும் அதையே வையுங்கள். டெண்டர் விட்டு ஒரு காண்டிராக்டருக்குக் கொடுத்தால், ஆறு மாதத்தில் மீனவர் சொந்த ஆற்றில் தினக்கூலியாகிவிடுவார். பாடு வைத்தால் மாதத்தில் மூன்று நாளோ நாலு நாளோ இந்த வருமானம், மற்ற நாள் அவர் தொழில்.

பாடு முறையிலும் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதில் பங்கு இருப்பது பரம்பரையாக உரிமை உள்ள குடும்பங்களுக்குத்தான். கையால் இறால் பிடிக்கிற இருளருக்கு அதில் இடமில்லை. கழியை அவர்கள் அளவுக்குத் தொட்டுத் தெரிந்தவர்கள் வேறு யாருமே இல்லை. படகில் ஏறி, எங்கே என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்கும் முறை வேண்டும், அதே கூலியோடு. ஆனால் அவர்கள் தண்ணீரில் வேலை செய்துகொண்டிருக்கும்போது நாலு படகைச் சுற்றி நிறுத்திப் போட்டோ எடுக்கிற காட்சியாக அதை ஆக்கிவிடக்கூடாது. நான் அன்றைக்குக் கையைக் காட்டச் சொன்னதே தப்போ என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குப்பத்தில் இந்த எண்ணத்தைச் சொன்னபோது எல்லோரும் சந்தோஷப்பட்டுவிடவில்லை. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "நாளைக்கு இது டூரிஸ்ட் எடம்னு போர்டு வச்சிட்டு, இங்க வல போடாதன்னு சொன்னா இன்னா பண்றது?" அந்தப் பயம் நியாயமானது. துறைமுகம் வந்தபோது, மின்நிலையம் வந்தபோது, ஒவ்வொரு முறையும் வேலை கிடைக்கும், ஊர் முன்னேறும் என்றுதான் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் வலை போடுகிற இடம் கொஞ்சம் சுருங்கியது. பழவேற்காட்டுப் பக்கம் பறவைகள் சரணாலயம் இருப்பதால் வனத்துறையின் சட்டதிட்டமும் சேரும். ஆகவே படகு விடுவதற்கு முன், மீன்பிடி உரிமை ஒரு சதுர அடிகூடக் குறையாது என்று எழுத்தில் கொடுங்கள். குப்பத்துப் பஞ்சாயத்தில் படித்துக் காட்டி, அவர்கள் சரி என்ற பிறகு மற்றதைப் பேசலாம். அவர்கள் வேண்டாம் என்றால் இந்தக் கடிதத்தையும் கிழித்துப் போட்டுவிடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்.

எங்கெங்கே போகலாம் என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். காட்டுக்குப்பத்தில் ஏறி, அலையாத்தித் திட்டுகளைச் சுற்றி, அத்திப்பட்டுப் பக்கம் போய்த் திரும்பினால் இரண்டு மணி நேரம். இது எல்லோருக்கும். வருடத்தில் சில நாள், நீரோட்டம் தோதாக இருக்கும்போது, கால்வாய் வழியே காட்டுப்பள்ளியைத் தாண்டிப் பழவேற்காடு வரைக்கும் ஒரு நெடும்பயணம். பூநாரைகள் வருகிற மாதங்களில் வைத்தால் ஏரியின் ஓரத்தில் அவை நிற்பதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். அங்கே 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த மேடும், மண்டையோடு செதுக்கிய அவர்கள் கல்லறைகளும் இருக்கின்றன. அதையெல்லாம் ஒரு நாளைக்குள் அடக்க முடியுமா என்பது ஓட்டுகிறவர்கள் சொல்லவேண்டியது. சவாரிக்குப் பிறகு மீன் குழம்பும் சோறும் குப்பத்துப் பெண்கள் சமைத்துப் போடட்டும். சுயஉதவிக் குழுக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சிமெண்டில் பெரிய படகுத்துறை, செயற்கை நீரூற்று, செல்ஃபி எடுக்கிற மேடை எதுவும் தேவையில்லை. ஒரு கழிப்பறையும் நிழலுக்கு ஒரு கொட்டகையும் போதும்.

ஒன்று மட்டும் ஆசையாகக் கேட்கிறேன். வாரத்தில் ஒரு நாள், வடசென்னை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் படகு விடுங்கள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, மணலி, எர்ணாவூர் என்று முறை வைத்து வரட்டும். படகு ஓட்டுகிறவருக்கான கூலியைத் துறை கொடுக்கவேண்டும். கழி என்றால் என்ன என்று கேட்ட அந்தப் பையன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவன் பள்ளியை விட்டுப் போவதற்குள் நடந்தால் நன்றாக இருக்கும். மூங்கில் கழியை ஊன்றித்தான் இந்தக் கழியில் போகவேண்டும், ஆகவே நீ சொன்னதும் பாதி சரிதான் என்று படகில் வைத்து அவனிடம் சொல்லவேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு ஒரு கோப்பில் வைத்துவிடாமல், முதலில் ஒருமுறை வந்து பாருங்கள். மார்கழி மழை விட்டு, தை பிறந்த பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. கார் வேண்டாம், சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி எண்ணூரில் இறங்குங்கள். ஆறு மணிக்கு நான் ஸ்டேஷன் வாசலில் நிற்பேன், அங்கிருந்து கரைக்கு ஆட்டோவில் போய்விடலாம். மடித்துக் கட்டுகிற மாதிரி வேட்டியோ பேண்ட்டோ போட்டுக்கொள்ளுங்கள், ஏறும்போது கால் நனையும். படகுக்காரரிடம் பேசிவிட்டேன். என்னையும் அவரையும் விட்டால் நாலு பேருக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
எண்ணூர்ப் பள்ளியொன்றின் தமிழாசிரியை
திருவொற்றியூர், சென்னை